காலிக் கட்டடங்களில் பிறந்த இசை

1982இல் பம்பாயில் பதிவான ஓர் இசைத்தட்டை எச்.எம்.வி. வெளியிட்டது. இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த தட்டு அது. பூபாலி, யமன், மால்கௌன்ஸ் (நம் கணக்கில் மோகனம், கல்யாணி, இந்தோளம்) எல்லாம் ரோலண்டு நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808 என்ற இரண்டு சிறிய கருவிகளின் மேல் ஓடுகின்றன. தட்டு விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான் மேல்நாட்டு ரசிகர்கள் திகைத்தார்கள். சிகாகோவின் ஃப்யூச்சர் குழு அதே 303ஐ வைத்து 1987இல் வெளியிட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்'தான் 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகையின் தொடக்கம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அப்படியானால் கண்டுபிடித்தவர் இந்தியரா என்று விவாதம் கிளம்பியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு கேள்வி. கருவி ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று. சிகாகோவில் அது இயக்கமானது, பம்பாயில் தூசி படிந்தது. ஏன்? சிகாகோவில் விடிய விடிய ஆட ஓர் இடம் இருந்தது, அங்கே தட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு டிஜே இருந்தார். அண்டர்கிரவுண்ட் இசையா வெகுஜன இசையா என்ற வித்தியாசம் ஒலியில் இல்லை, அது ஒலிக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

டிஜே என்றால் நமக்குக் கல்யாண வரவேற்பில் ஸ்பீக்கர் அடுக்கி, கேட்ட பாட்டைப் போடுகிறவர். 1977இல் சிகாகோவில் ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தில் திறந்த 'வேர்ஹவுஸ்' கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் செய்தது நேர் எதிரான வேலை: யாரும் கேட்காத பாட்டைப் போட்டு ஆடவைப்பது. ஒரு தட்டு ஓடும்போதே அடுத்ததை ஹெட்போனில் ஒரு காதால் கேட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையை மயிரிழை நகர்த்தி, தட்டின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தி, இரண்டு தாளமும் ஒன்றாகும் நொடியில் ஒன்றுக்குள் மற்றொன்றைக் கலந்துவிட வேண்டும். ஆடுகிறவருக்குப் பாட்டு மாறியதே தெரியக்கூடாது. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பு கொண்ட கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். வேறெங்கும் வரவேற்பு இல்லாதவர்கள். 1979 ஜூலை 12 அன்று அதே ஊரின் பேஸ்பால் மைதானத்தில், ஒரு வானொலி அறிவிப்பாளரின் தலைமையில், டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். பெரிய கம்பெனிகள் டிஸ்கோவிலிருந்து கழன்றுகொண்டன. புதுத் தட்டுகளின் வரத்து குறையவே, நக்கிள்ஸ் இருப்பதை டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டினார். ஊர்ப் பையன்கள் டிரம் மெஷின் வாங்கித் தாங்களே தட்டுப் போட்டார்கள். 303இன் கதையும் இதுதான். கிதார் கலைஞருக்குத் துணையாக பேஸ் வாசிப்பதற்கென்று செய்த கருவி. அந்த வேலைக்கு உதவாமல் 1984இல் உற்பத்தி நின்றது, செகண்ட் ஹேண்ட் கடைகளில் விலை சரிந்தது. பழைய தொழிற்கூடக் கட்டடம், விலைபோகாத கருவி, கம்பெனிகள் கைவிட்ட இசை என்று சந்தை ஒதுக்கியவற்றை வைத்தே ஹவுஸ் என்ற நடன இசை எழுந்தது.

மலிவு ஏன் முக்கியம் என்பதற்கு 'ஆசிட் ட்ராக்ஸ்' பற்றி ஃப்யூச்சர் குழுவினரே சொல்லிவரும் செய்தி போதும். வெளியீட்டுக்கு முன்பே அதன் டேப்பை 'மியூசிக் பாக்ஸ்' கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் முதல்முறை போட்டபோது ஆடுதளம் காலியானது. அதே இரவில் மறுபடி போட்டார், மறுபடியும் போட்டார். நான்காவது முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியது. மூன்று முறை தோற்க ஒரு டிஜேக்கு யார் இடம் கொடுப்பார்கள்? இரவு முழுவதும் அவர் கையில் இருந்தால்தான், வாடகை கழுத்தை நெரிக்காமல் இருந்தால்தான் அது நடக்கும்.

இன்று பெரிய திருவிழா மேடைகளில் டிஜேக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள். வாணவேடிக்கையும் திரைக்காட்சியும் எந்தப் பாட்டுக்கு என்று முன்கூட்டியே முடிவாகிவிடுவதும் உண்டு. அங்கே ஒருமுறைகூடத் தோற்க முடியாது. பழைய ஆட்கள் குறைசொல்வதோ வேறொன்றை: பொத்தானை அழுத்தினால் இரண்டு தாளத்தையும் மென்பொருளே இணைத்துவிடுகிறது, கலை செத்தது என்கிறார்கள். எனக்கு இது சில்லறைப் புகார். விரல் வித்தை போனாலும், அடுத்து எதைப் போடுவது என்ற தீர்மானம் டிஜேயிடம்தானே இருக்கிறது? பெரிய நட்சத்திரங்கள் அண்டர்கிரவுண்டைத் திருடுகிறார்கள் என்பதும் பாதி உண்மைதான். 2022இல் பியான்சே 'ரெனசான்ஸ்' ஆல்பத்தில் ஹவுஸ் இசையைக் கையாண்டதால் சிகாகோவுக்கு என்ன நஷ்டம்? ஒலியை எத்தனை பேர் எடுத்தாலும் குறையாது. இடம் அப்படியல்ல, ஒருவர் வாங்கினால் மற்றவருக்கு இல்லை. 2010இல் லண்டனில் வெப்கேமராவோடு தொடங்கிய, டிஜே நிகழ்ச்சிகளை இணையத்தில் ஒளிபரப்பும் 'பாய்லர் ரூம்', 2025 ஜனவரியில் சூப்பர்ஸ்ட்ரக்ட் என்ற திருவிழாக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் கம்பெனியோ அதற்கு முந்தைய ஆண்டே கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விலையாகியிருந்தது. கேகேஆரின் இஸ்ரேல் தொடர்பான முதலீடுகளை எதிர்த்துப் பல கலைஞர்கள் விலகினார்கள். விலகியவர்களுக்கு மேடை கொடுக்க வேறு இடம் வேண்டுமே.

இணையம் இருக்கும்போது கட்டடம் எதற்கு என்று கேட்கலாம். லேப்டாப் இருந்தால் திருநெல்வேலியிலிருந்தும் டெக்னோ என்ற மின்னணு நடன இசை செய்து உலகுக்கு அனுப்பலாம், உண்மை. ஆனால் கருவி சரண்ஜித் சிங்கிடமும் இருந்தது. அவருக்கு இல்லாமல் போனது எதிரே நின்று ஆடி, பிடிக்காவிட்டால் நகர்ந்து, நான்காவது முறை திரும்பி வருகிற கூட்டம். திரையில் பிடிக்காத பாட்டைத் தள்ளிவிடுகிறவர் அன்றே இன்னொருமுறை கேட்பது அரிது. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: இந்த இடங்களும் எல்லோரையும் சேர்த்ததில்லை. பெர்லினின் 'பெர்க்ஹைன்' கிளப் வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பலர். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள வைத்த கதவு பிராண்டாகிவிட்டதை மறுக்க முடியாது.

ஆனாலும் இடத்தின் மதிப்பைப் பெர்லின் அளவுக்குப் புரிந்துகொண்ட ஊர் குறைவு. சுவர் விழுந்தபின் கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்றே தெளிவில்லாத கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. பழைய வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் நிலத்தடிப் பெட்டகத்தில் 1991இல் 'ட்ரெஸர்' தொடங்கியது. டெட்ராய்ட்டின் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய டெக்னோவுக்கு அது இரண்டாவது வீடானது. 2016இல் ஒரு நீதிமன்றம் பெர்க்ஹைன் நிகழ்ச்சிகளை இசைக் கச்சேரியாகவே கருதி, நுழைவுக் கட்டணத்துக்கு 19 சதவீதத்துக்குப் பதில் 7 சதவீத வரி போதும் என்றது. 2021இல் ஜெர்மன் நாடாளுமன்றம், கட்டட விதிகளில் கிளப்புகளைக் கலாச்சார இடங்களாக நடத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோ, யுனெஸ்கோ ஒப்பந்தத்தின்கீழ் ஜெர்மனி தயாரிக்கும் மரபுப் பட்டியலில் ஏறியது. அந்த ஆண்டின் கடைசி இரவோடு, நதிக்கரையில் 22 ஆண்டுகள் நடந்த 'வாட்டர்கேட்' கிளப் மூடப்பட்டது. நடத்தியவர்கள் சொன்ன காரணங்களில் ஏறிய வாடகையும் செலவும் இருந்தன. பட்டியல் வாடகை கட்டாது. அரசுக்கு இந்த இசைமேல் உண்மையில் மதிப்பிருந்தால், கட்டட வாடகைக்கு வரம்பு வைக்கட்டும்.