இறுகிய கால்களைத் தளர்த்தும் நரம்பு அறுவை சிகிச்சை



சிவகிரி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளையை இடுப்பில் சுமந்து வரும் தாய்மார் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "ஆபரேஷன் செஞ்சா எம்புள்ள நடந்துருவானா?" பிள்ளையின் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னியிருக்கும், குதிகால் தரையில் படாது. இது மூளை முடக்குவாதத்தின் ஒரு வகை.

கோளாறு காலில் இல்லை, மூளையில் இருக்கிறது. தசை இழுபடும்போது அந்தச் செய்தி உணர்ச்சி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குச் செல்கிறது. தண்டுவடம் உடனே தசையைச் சுருங்கச் சொல்கிறது. இதை அளவோடு அடக்கி வைப்பது மூளை. குறைமாதப் பிறப்பு போன்ற காரணங்களால் மூளையின் அப்பகுதி பழுதானால், தசை ஓயாமல் இறுகுகிறது.

இறுக்கத்தைக் குறைக்க, தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்ச்சி நரம்பு வேர்களை வெட்டலாம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மானிய மருத்துவர் ஃபோர்ஸ்டர் காட்டினார். ஆனால் முழு வேரையும் வெட்டினால் தொடு உணர்ச்சி கெடும். 1970-களில் இத்தாலியின் ஃபசானோ வேரை இழைகளாகப் பிரித்து, மின்சாரத்தால் சோதித்து, மிகையாகத் துடிப்பவற்றை மட்டும் வெட்டினார். 1980-களில் தென்னாப்பிரிக்காவின் பீக்காக் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினார். தசையை இயக்கும் முன்பக்க வேர்களைத் தொடுவதில்லை.

ஆனால் தாய்மாரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இது மூளையைக் குணமாக்காது. இறுக்கம் போனபின், அதுவரை மறைந்திருந்த பலவீனம் வெளிப்படும். பல மாதங்கள் தினமும் பயிற்சி தேவை. ஏற்கெனவே குறுகிப்போன தசைநாண்களுக்கு எலும்பு மருத்துவரின் சிகிச்சை வேறு வேண்டியிருக்கலாம். இரு கால்களிலும் இறுக்கமுள்ள, ஓரளவு நிற்கக்கூடிய சிறுபிள்ளைகளுக்கே இது அதிகம் பொருந்தும். பொருந்தாத பிள்ளைக்காக நிலத்தை விற்று அலைய வேண்டாம் என்று சொல்வதும் எங்கள் ஊழியமே.

நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அங்கேயே, விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தபடி பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1966-இல் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். கத்தியின் வேலை சில மணி நேரம். மறுவாழ்வின் வேலை பல மாதங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

ஆகவே பயிற்சியாளர், கால் அணை, நடைச்சட்டம், பேருந்துச் செலவு என்று நாங்கள் எழுதும்போது அவற்றைச் சிறு காரியமாக எண்ணாதிருங்கள். பிள்ளையின் குதிகால் தரையில் படுவது அவற்றாலும்தான்.