அட்டையில் இல்லாத பெயர்

குழந்தைகள் புரட்டும் படப் புத்தகத்தில் தேச சேவை செய்வோர் கவனிக்கத்தக்கது என்ன இருக்கிறது என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். ஒரு ஸர்க்கார் தன் பிரஜைகளைப் பிரஜைகளல்லர் என்று தள்ளிய சரித்திரமும், அவ்வாறு தள்ளப்பட்ட தம்பதிகளில் மனைவியின் பெயரை நல்லோரே மறைத்த சரித்திரமும் ஒரே புத்தகத்தைச் சுற்றி அமைந்திருக்கின்றன. அமெரிக்கக் குழந்தைகள் அனைவரும் அறிந்த 'க்யூரியஸ் ஜார்ஜ்' என்னும் குறும்புக் குரங்கின் கதையே அப்புத்தகம்.

அதைச் செய்தவர்கள் ஹான்ஸ் ரே, மார்கரெட் ரே என்ற தம்பதிகள். இருவரும் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர் 1898-லும் அம்மையார் 1906-லும் பிறந்தனர். ஹான்ஸ் சித்திரத்தை ஆசிரியரிடம் முறையாகப் பயின்றவரல்லர். மார்கரெட் அம்மையாரோ பெயர்பெற்ற பௌஹௌஸ் கலாசாலையில் பயின்றவர். ஹான்ஸ் பிழைப்பை நாடிப் பிரேஸிலுக்குச் சென்று, அமேஸான் நதிக்கரை ஊர்களில் குளிக்கும் தொட்டி விற்றுத் திரிந்தார். 1935-ல் ரியோ டி ஜெனிரோவில் இருவருக்கும் விவாகம் நடந்தது. அதே ஆண்டிலேதான் ஹிட்லரின் ஸர்க்கார் நூரம்பர்க் சட்டங்களை இயற்றி, ஜெர்மன் யூதர்களின் பிரஜா உரிமையைப் பறித்தது. தம்பதிகள் பிரேஸில் பிரஜைகளாயினர். வெறும் காகிதமாகத் தோன்றும் பாஸ்போர்ட்டு ஒன்று உயிருக்குக் காவலாக நிற்கும் காலமும் உண்டு என்பதை அவர்கள் விரைவில் அனுபவத்தில் அறிந்தார்கள்.

தேனிலவுக்காகப் பாரீஸ் சென்ற தம்பதிகள் அங்கேயே நான்கு ஆண்டுகள் தங்கிவிட்டனர். 1939-ல் அவர்களுடைய முதற் குரங்குக் கதை அங்கே பிரசுரமாயிற்று. ஒட்டகச்சிவிங்கி ஒன்றும் ஒன்பது குரங்குகளும் அதன் பாத்திரங்கள். அவற்றுள் ஒரு குரங்கைத் தனியே எடுத்து, ஃபீஃபீ என்று பெயரிட்டு, வேறொரு புத்தகம் எழுதத் தொடங்கினர். இதற்குள் யுத்தம் மூண்டது. 1940 ஜூன் 12-ந் தேதி விடியற்காலையில், உதிரிப் பாகங்களை வாங்கி ஹான்ஸ் தம் கையாலேயே பூட்டிய இரண்டு சைக்கிள்களில் ஏறி, இருவரும் பாரீஸை விட்டு வெளியேறினார்கள். சாலையெங்கும் அகதிகள் கூட்டம். இவர்கள் மூட்டையில் இருந்தவை சில துணிகளும், சிறிது உணவும், ஃபீஃபீயின் கையெழுத்துப் பிரதியுமே. 14-ந் தேதி ஜெர்மன் சேனை பாரீஸில் புகுந்தது. ஸ்பெயின், போர்த்துகல், பிரேஸில் வழியாகச் சுற்றி, அக்டோபரில் நியூயார்க் சேர்ந்தார்கள். 1941-ல் அந்தப் பிரதி 'க்யூரியஸ் ஜார்ஜ்' என்ற பெயருடன் வெளிவந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமலிருக்க இயலவில்லை. இங்கிலாந்தில் அப்போது ஆறாவது ஜார்ஜ் மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். மன்னர் பெயரை ஒரு குரங்குக்கு இடுவதா என்று அஞ்சி, அங்கே அதை 'ஸோஸோ' என்று மாற்றி அச்சிட்டார்கள். பெரிய சாம்ராஜ்யத்தின் கௌரவம் குழந்தைகள் கதையிலுள்ள குரங்கினாலும் குலையும்போலும்!

குரங்கின் பெயரைப் பற்றி இவ்வளவு கவலை கொண்ட உலகம், ஆசிரியையின் பெயரைப் பற்றிச் சிறிதும் கவலைப்படவில்லை. படம் ஹான்ஸினுடையது, கதையை அமைப்பதிலும் வசனத்தைச் செப்பனிடுவதிலும் அம்மையாரின் கை முக்கியமானது. ஆயினும் 1941-ல் வெளிவந்த புத்தகத்தின் அட்டையில் கணவர் பெயர் மட்டுமே இருந்தது. குழந்தை நூல் துறையில் ஸ்திரீகளே மிகுந்திருந்தபடியால், ஆண்பிள்ளையின் பெயர் தனித்து விளங்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். இது நியாயமாகுமா? பெண்கள் குறைவாயிருக்கும் துறையில், அவர்கள் அதற்குத் தகாதவர் என்று பெயரை விலக்குகிறார்கள். மிகுதியாயிருக்கும் துறையிலோ, மிகுதி என்பதற்காகவே விலக்குகிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தீர்ப்பு ஒன்றுதான். 1944-ல் வெளிவந்த ஒரு நாய்க்குட்டிக் கதை அம்மையாரின் பெயரைத் தாங்கியது. ஆனால் ஜார்ஜ் கதைகளில் 1958-ல் வந்த பட்டம் விடும் கதையிலேதான் ஆசிரியை என்று அவர் பெயர் ஏறிற்று. இருவர் பெயரும் ஒருங்கே நின்றது 1966-ல் வெளிவந்த ஆஸ்பத்திரிக் கதையில். தம்பதிகள் செய்த ஏழு ஜார்ஜ் கதைகளில் அதுவே கடைசி.

பெயர்தானே, போனால் என்ன என்பாருக்குச் சட்டம் விடை கூறுகிறது. நமது நாட்டின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, பிரசுரித்த நூலில் ஆசிரியர் என்று எவர் பெயர் காண்கிறதோ, அவரையே ஆசிரியரென்று நியாயஸ்தலம் முதலில் கொள்ளும். அல்லவென்று ருசுப்பிக்கும் பாரம் எதிர்க்கட்சியைச் சேர்ந்தது. ஆகவே பெயர் வெறும் அலங்காரமன்று. அது உரிமையின் சாட்சி. பெயரை இழந்தவர், தாம் செய்த காரியத்தைத் தாமே வழக்காடி நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வருகிறார்.

ஜெர்மன் ஸர்க்கார் ரே தம்பதிகளுக்குச் செய்த கொடுமையையும், அட்டையில் ஒரு பெயர் விடுபட்டதையும் ஒரே தராசில் நாம் நிறுக்கவில்லை. முன்னது பல லட்சம் உயிர்களைக் கொன்ற பாதகத்தின் தொடக்கம். ஆனால் முன்னதைக் கண்டு கொதிப்பவர், பின்னதைக் கண்டும் காணாதிருத்தல் தகுமா? விடுதலையைப் பற்றி மேடையில் முழங்கும் நம்மவர் பலருடைய பிரசங்கத்தை, இரவெல்லாம் விழித்துச் சுத்தப் பிரதி எடுத்தவர் யார்? சங்கத்தின் சந்தாக் கணக்கை எழுதியவர் யார்? ஆண்டு மலருக்குப் பிழை திருத்தியவர் யார்? மலரைப் புரட்டிப் பார்த்தால் அவர்கள் பெயர் ஓரிடத்திலும் இராது.

ஹான்ஸ் 1977-லும், மார்கரெட் அம்மையார் 1996-லும் காலஞ்சென்றனர். ஜார்ஜ் புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்றிருக்கின்றன. அவற்றை வாங்கும் பெற்றோர் இருவர் பெயரையும் அறிந்திருத்தல் நியாயம். நமது சங்கங்களும் சபைகளும் இனி அச்சிடும் மலரிலும் துண்டுப் பிரசுரத்திலும், உழைத்தவர் ஒவ்வொருவருடைய பெயரையும், ஆணாயினும் பெண்ணாயினும், மறவாது பொறிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இதற்கு ஒரு வரி அச்செழுத்துக்கு மேல் செலவாகாது.