குழந்தைக்கு வெள்ளை கேப்... எதிரே இருக்கும் பல்லைக் கவனித்தீர்களா?

“பால் பல்தானே, எப்படியும் விழப்போகுது” என்று சொல்லும் பெற்றோர்கூட, கேப் போட வேண்டும் என்றதும் “வெள்ளையா இருக்குமா டாக்டர்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சில்வர் கேப் போட்டால் பள்ளியில் கிண்டல் செய்வார்களே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால், அந்த கேப்போடு தினமும் மோதப்போகும் எதிர்ப்பல்லைப் பற்றிப் பலரும் கேட்பதில்லை.

பால் கடைவாய்ப்பற்களுக்கான ஸ்டீல் கேப் 1950-லேயே அறிமுகமாகிவிட்டது. பல் நிறத்திலேயே இருக்கும் ஜிர்கோனியா கேப் பிற்பாடு வந்தது. ஜிர்கோனியா ஒரு வகை செராமிக். எனாமலைவிடப் பல மடங்கு கடினமானது. பால் பல்லின் எனாமலோ சுமார் 1 மில்லிமீட்டர் கனம்தான். அது தேய்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் டென்டின் வெளியே தெரியும், கூச்சம் தொடங்கும். பால் பல்லில் நரம்புப் பகுதியும் வெளிப்பரப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் ஜிர்கோனியாவே கூடாதா? அப்படியில்லை. எதிர்ப்பல் எவ்வளவு தேயும் என்பதில், கடினத்தைவிட சொரசொரப்புக்கே பங்கு அதிகம். வழுவழுப்பான அம்மியில் மசாலா அரைபடாது. கொத்தி வைத்தால் அரைபடும். கல் என்னவோ அதேதான்! நன்றாகப் பாலிஷ் செய்த ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அவ்வளவாக உரசுவதில்லை. மேலே பூசிய பளபளப்பு (க்ளேஸ்) தேய்ந்துபோனாலோ, உயரத்தைக் குறைக்க கேப்பை உரசிவிட்டு மறுபடி பாலிஷ் செய்யாமல் விட்டாலோதான் சிக்கல்.

4 வயதில் போடும் கேப், அந்தக் கடைவாய்ப்பல் விழும் 10, 11 வயதுவரை வாயில் இருக்கும். ஆறேழு வருட மெல்லல்! தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிக்கும் பிள்ளையென்றால், அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம், ஜிர்கோனியா கேப்பை ஸ்டீல்போல வளைத்துப் பொருத்த முடியாது. அதனால் பல்லைக் கூடுதலாகச் செதுக்க வேண்டும். சிரித்தால் தெரியும் முன்பற்களுக்கு வெள்ளை கேப் சரி. யார் கண்ணிலும் படாத கடைவாய்ப்பல்லுக்கு, பழைய ஸ்டீல் கேப் ஒன்றும் மட்டமில்லை.

பால் பற்கள் ஓரளவு தேய்வது இயல்பு. எனவே கேப்புக்கு எதிரே உள்ள பல்லை, மறுபக்கத்தில் இருக்கும் அதே பல்லோடு ஒப்பிடுங்கள். அது மட்டும் தட்டையாகி, நடுவில் மஞ்சள் திட்டு தெரிந்தாலோ, ஐஸ்க்ரீம் சாப்பிடும்போது பிள்ளை முகம் சுளித்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கேப் போட்ட வாரமே இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்தால், ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகும்போது வித்தியாசம் தெரிந்துவிடும்.