புற்றரை வண்டியும் பொது வீதியும்

வீதி என்பது விரைந்து செல்வோருக்கு மாத்திரம் உரியதா? மெல்லச் செல்வோருக்கும் அதில் இடம் உண்டா? மோட்டார் வண்டி தோன்றிய நாள் தொட்டு உலகெங்கும் நகராட்சியினர் இக்கேள்விக்கு விடை தேடி வருகின்றனர். மோட்டார் வண்டியையே வாழ்க்கையின் அச்சாணியாகக் கொண்ட அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இக்கேள்வி புதுமையானதோர் உருவத்தில் எழுந்து நிற்கின்றது. கொல்ப் விளையாட்டு மைதானத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட சிறு வண்டி, மைதானத்தின் எல்லையைக் கடந்து பொது வீதிக்கு வந்துவிட்டது. பாட்டனார் அதில் ஏறி மருந்துக் கடைக்குச் செல்கின்றார். பேரன் அதில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குச் செல்கின்றான். இஃது எவ்வாறு நேர்ந்தது, எந்த வரம்புக்குள் இதனை அனுமதிக்கலாம் என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

வண்டியின் வரலாறு

நுவரெலியாவுக்குச் சென்ற நேயர்கள் அங்குள்ள கொல்ப் மைதானத்தைக் கண்டிருப்பர். பரந்த புற்றரையிலே ஒன்றுக்கொன்று தூரமாகப் பதினெட்டுக் குழிகள் இருக்கும். பந்தை அடித்துக்கொண்டு அவை யாவற்றையும் சுற்றி முடிப்பதற்குப் பல கிலோமீற்றர் நடக்க வேண்டும். வயது முதிர்ந்தோருக்கும் உடல் நலம் குன்றியோருக்கும் இஃது எளிதன்று. அவர்களுக்கு உதவியாகவே இவ்வண்டி பிறந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலே பெற்றோல் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. அந்நாளில் மின்சார வண்டி செய்வதிற் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, மேர்ள் வில்லியம்ஸ் என்பவர் 1951ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் மின்சாரக் கொல்ப் வண்டிகளைச் செய்யத் தொடங்கினார். 1954ஆம் ஆண்டில் ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்ரா நகரில் ஈ-சீ-கோ என்னும் கம்பனி தோன்றியது. மோட்டார்ச் சைக்கிளுக்குப் பெயர் பெற்ற ஹார்லி டேவிட்சன் கம்பனியும் 1960களில் இத்தொழிலில் இறங்கியது.

வண்டியின் அமைப்பு மிக எளியது. இருக்கையின் கீழே பெற்றரிகள், மேலே ஒரு கூரை, இருபுறமும் திறந்தவெளி, கதவு இல்லை. பெற்றோலில் ஓடுவனவும் உள்ளன. மைதானத்து வண்டி மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீற்றர் வரையிலேயே ஓடும். பல வண்டிகளிலே பிறேக் பின்சில்லுகளுக்கு மாத்திரமே உண்டு. புல்லின் மேல் மெல்ல உருள்வதற்கு இவ்வளவே போதுமானது. ஆனால், தார் வீதியில் மோட்டார் வண்டிகளின் நடுவே ஓடுவதற்கு இது போதுமா?

1998ஆம் ஆண்டுச் சட்டம்

கொல்ப் மைதானத்தை அடுத்து வீடு கட்டிக் குடியிருப்போர் பெருகியபோது, விளையாட்டு முடிந்ததும் அதே வண்டியில் வீட்டுக்கும் கடைக்கும் செல்லும் வழக்கம் உண்டாயிற்று. மணிக்கு 20 மைலுக்குக் குறைவாக ஓடும் வண்டியை அமெரிக்க மத்திய அரசாங்கம் மோட்டார் வாகனமாகக் கொள்ளவில்லை. அதனை வீதியில் விடுவதா விலக்குவதா என்பதை மாநிலங்களும் நகரங்களுமே தீர்மானித்து வந்தன. ஆனால், 20 மைலுக்கு மேல் ஓடக்கூடிய வண்டியோ சட்டத்தின் கண்ணுக்கு முழு மோட்டார்க் காராகவே தோன்றியது. அவ்வளவு சிறிய வண்டி பெருங் கார்களுக்குரிய விதிகள் யாவற்றையும் நிறைவேற்றுவது எங்ஙனம்?

இச்சிக்கலைத் தீர்ப்பதற்காக 1998ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 'குறைவேக வாகனம்' என்னும் புதியதொரு வகுப்பை ஏற்படுத்தியது. நான்கு சில்லுகளுடன், 20 மைலுக்கு மேற்பட்டு 25 மைலுக்கு மேற்படாத வேகத்தில் ஓடும் வண்டி இவ்வகுப்பைச் சேரும். 25 மைல் என்பது 40 கிலோமீற்றர். இவ்வண்டிக்கு முன்விளக்கு, பின்விளக்கு, நிறுத்த விளக்கு, திரும்பும் திசையைக் காட்டும் விளக்கு, ஒளியைத் திருப்பும் சிவப்புத் தகடுகள், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடிகள், முன்புறக் கண்ணாடித் தடுப்பு, நிறுத்திவைக்கும் பிறேக், ஒவ்வோர் ஆசனத்துக்கும் பட்டி, வண்டிக்குரிய அடையாள எண் ஆகியவை இருத்தல் வேண்டும்.

ஆகவே, 'வீதிக்கு உரிய கொல்ப் வண்டி' என்று பொதுமக்கள் கூறுவது உண்மையில் இருவகைப்படும். ஒன்று, உள்ளூர்ச் சட்டத்தின் அனுமதியோடு குறித்த வீதிகளில் மாத்திரம் ஓடும் சாதாரணக் கொல்ப் வண்டி. மற்றையது, மேற்கூறிய சாதனங்களோடு பதிவு பெற்று ஓடும் குறைவேக வாகனம். புளோரிடா மாநிலத்திலே பின்னையதற்குப் பதிவும் இலக்கத் தகடும் காப்புறுதியும் சாரதி அனுமதிப் பத்திரமும் வேண்டும். வேக எல்லை 35 மைலுக்கு மேற்பட்ட வீதியில் அது நெடுக ஓடுதலாகாது. சந்தியிலே குறுக்காகக் கடக்கலாம். கலிபோர்ணியாவிலும் எல்லை 35 மைலே.

ஒரு சிறு கணக்கு

இந்த 35 மைல் எல்லையின் அருமையை மாணவர்கள் ஒரு கணக்கின் மூலம் அறிந்துகொள்ளலாம்.

கொல்ப் வண்டியொன்று மணிக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது எனக் கொள்வோம். பின்னால் ஒரு கார் 72 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்றது. வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 6.7 மீற்றர் செல்லும். கார் 20 மீற்றர் செல்லும். ஆகவே ஒவ்வொரு விநாடியும் இடைவெளி 13.3 மீற்றர் குறைகின்றது. 60 மீற்றர் தூரத்தில் காரோட்டி வண்டியைக் கண்டாராயின், நாலரை விநாடிக்குள் அவர் யாவற்றையும் செய்து முடிக்க வேண்டும். ஒரு கணம் வேறெங்கேனும் பார்த்திருந்தால் முடிவு என்னவாகும்?

இனி, 35 மைல் எல்லையுள்ள வீதியிலே 25 மைல் வேகத்தில் ஓடும் குறைவேக வாகனத்தை எண்ணிப் பார்ப்போம். கார் 56 கிலோமீற்றரிலும் வண்டி 40 கிலோமீற்றரிலும் செல்வதனால், இடைவெளி விநாடிக்கு நாலரை மீற்றர் அளவிலேயே குறையும். அதே 60 மீற்றருக்குப் பதின்மூன்று விநாடிக்கு மேற் கிடைக்கின்றது. ஆபத்தின் பெரும்பகுதி வண்டியின் மெதுவான ஓட்டத்தில் இல்லை. இரு வேகங்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமையிலேயே உள்ளது என்பது இதனாற் புலனாகும்.

வண்டிக்கென அமைந்த ஊர்கள்

இவ்வுண்மையை உணர்ந்து வீதிகளை அமைத்த ஊர்களும் உள்ளன. அவற்றுள் முதன்மையானது, ஜோர்ஜியா மாநிலத்தில் அத்திலாந்தா நகருக்குத் தெற்கேயுள்ள பீச்ட்ரீ சிற்றி. 1959ஆம் ஆண்டில் நகர அந்தஸ்துப் பெற்ற இவ்வூர் முன்கூட்டியே திட்டமிடப்பட்டது. ஏறக்குறைய 38,000 மக்கள் வாழும் இந்நகரிலே பதினாயிரத்துக்கு மேற்பட்ட கொல்ப் வண்டிகள் உள்ளன. அவை ஓடுவதற்கென்று நூறு மைலுக்கு மேற்பட்ட நீளமான பாதைகள் மரச் சோலைகளினூடே செல்கின்றன. நடப்போரும் சைக்கிளில் வருவோரும் அப்பாதைகளையே உபயோகிக்கின்றனர். பெருவீதி குறுக்கிடும் இடங்களிற் பாதை பாலத்தின் மேலாகவோ சுரங்கத்தின் வழியாகவோ கடந்து செல்கின்றது. மக்கின்ரொஷ் உயர்தரப் பாடசாலையில் மாணவர்கள் ஓட்டி வரும் வண்டிகளை வரிசையாக நிறுத்துவதற்குத் தனி இடமே ஒதுக்கப்பட்டுள்ளது.

புளோரிடாவிலுள்ள த வில்லேஜஸ் என்பது ஓய்வு பெற்றோருக்கென எழுந்த பெருங் குடியிருப்பு. கோவில், கடை, வைத்தியசாலை, நண்பர் வீடு ஆகிய எவ்விடத்துக்கும் அங்குள்ளோர் கொல்ப் வண்டியிலே செல்கின்றனர். நெடுஞ்சாலையின் மேலாக வண்டிகளுக்கென்றே ஒரு பாலமும் கட்டப்பட்டுள்ளது. 2005ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் 3,321 வண்டிகள் அங்கே அணிவகுத்துச் சென்று உலக சாதனை நிலைநாட்டின.

கலிபோர்ணியாக் கரைக்கு அப்பால் கற்றலீனாத் தீவில் அவலோன் என்னும் சிறு துறைமுக நகரம் உண்டு. அங்கே கார்களின் தொகையை நகரசபை கட்டுப்படுத்தியுள்ளது. கார் வைத்திருக்க விரும்புவோர் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். ஆதலால் அந்நகர வீதிகளிற் சிறு வண்டிகளே பெருவழக்காயுள்ளன. வேகமான வாகனம் அருகியுள்ள இடத்திலே மெதுவான வண்டிக்கு அச்சம் குறைவு.

முதியோரும் இளையோரும்

இதுவரை கூறியவை பாதைகளையும் சட்டங்களையும் பற்றியவை. இவற்றின் பின்னால் மனிதருடைய துயரம் ஒன்று மறைந்து கிடக்கின்றது.

அமெரிக்காவின் பல ஊர்களிலே பஸ் வண்டி இல்லை; கடை நடக்கும் தூரத்தில் இல்லை. கார் ஓட்டாதவர் வீட்டுக்குள்ளே அடைபட்டவர் ஆவர். ஐம்பது ஆண்டுகள் கார் ஓட்டிய ஒருவருக்கு முதுமையிலே பார்வை மங்குகின்றது; கை கால்கள் தளர்கின்றன. ஒரு நாள் பிள்ளைகள் வந்து காரின் திறப்பைக் கேட்கின்றனர். அதனைக் கொடுக்கும்போது அவர் இழப்பது காரை மாத்திரமன்று. தாம் விரும்பிய வேளையில் விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையையும், பிறர் கையை எதிர்பாராது வாழும் பெருமையையும் சேர்த்தே இழக்கின்றார். அத்தகையோருக்கு மெல்லச் செல்லும் இச்சிறு வண்டி இன்னுஞ் சில ஆண்டுகளுக்கு அவ்வுரிமையை அளிக்கின்றது. எனவே, 'வீதிக்கு இடையூறு, விலக்கிவிடுங்கள்' என்று கூறுவது எளிது. அதனாலே கதவடைபட்டுப் போவோர் யாரென்று எண்ணிப் பார்த்த பின்னரே அதனைக் கூறுதல் தகும்.

ஆயினும், இவ்வண்டி விளையாட்டுப் பொருளன்று. 1990 முதல் 2006 வரையுள்ள காலத்தை ஆராய்ந்து அமெரிக்க வைத்திய ஆய்வாளர் 2008ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அக்காலத்திற் கொல்ப் வண்டிகளாற் காயமுற்று வைத்தியசாலை சென்றோர் ஏறக்குறைய 1,48,000 பேர் என அவர்கள் மதிப்பிட்டனர். அவர்களில் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்டோர் பதினாறு வயது நிரம்பாதவர். வண்டியிலிருந்து விழுதலும் குதித்தலுமே காயத்துக்குத் தலையாய காரணமாயின. காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. வண்டிக்குக் கதவு இல்லை. பட்டியும் இல்லையெனில், திடீரென இடப்புறம் திரும்பும்போது வலப்புறத்தில் இருப்பவர் வெளியே எறியப்படுகின்றார். பின்னோக்கி அமைந்த ஆசனத்தில் இருக்கும் சிறு பிள்ளையின் கால் தரையை எட்டாதாயின், வண்டி வேகமெடுக்கும் கணத்திலே பிள்ளை வழுக்கி விழுதல் கூடும்.

பட்டியும் விளக்கும் பூண்ட குறைவேக வாகனமும் காருக்கு நிகரானதன்று. கார்கள் தேறவேண்டிய மோதற் சோதனைகளைச் சட்டம் அதற்கு விதிக்கவில்லை. 2010ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம் அத்தகைய வண்டிகளை மோதவிட்டுச் சோதித்தது. மணிக்கு 31 மைல் வேகத்திற் பக்கவாட்டில் மோதியபோது, உள்ளே வைக்கப்பட்ட மனித உருவப் பொம்மையிற் பதிவான அளவுகள், உயிருள்ளவராயின் படுகாயமோ மரணமோ நேர்ந்திருக்கும் எனக் காட்டின.

இளையோர் விடயத்திலும் சட்டம் இறுகியுள்ளது. புளோரிடாவிலே பதினான்கு வயதுச் சிறுவரும் வீதியிற் கொல்ப் வண்டி ஓட்டலாம் என்றிருந்த விதி 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மாற்றப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இப்போது பழகுநர் அனுமதிப் பத்திரமேனும் சாரதி அனுமதிப் பத்திரமேனும் வைத்திருத்தல் வேண்டும். கையில் சுக்கான் கிடைத்தவுடன் பொறுப்பும் உடன் கிடைத்துவிடுவதில்லை என்பதைப் பெற்றோர் அறிவர்.

நாம் கொள்ளத்தக்க கருத்து

இவை யாவற்றையும் சேர்த்து நோக்கும்போது ஒன்று தெளிவாகின்றது. ஒரு வண்டியைச் சட்டத்துக்கு ஏற்றதாக்குதல் எளிது. நாலைந்து விளக்குகளும் இரண்டு கண்ணாடிகளும் சில பட்டிகளும் போதும். வீதியை அவ்வண்டிக்கு ஏற்றதாக்குதலே அரிது. அதற்குப் பாலம் வேண்டும், தனிப் பாதை வேண்டும், வேகத்தைக் குறைக்க மனம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணமும் பல ஆண்டு முயற்சியும் வேண்டும். பீச்ட்ரீ சிற்றி முதியோருக்கும் மாணவருக்கும் வழங்கிய சுதந்திரம் வண்டியால் வந்ததன்று. அந்த நூறு மைல் பாதையால் வந்தது. பாதை அமைக்காது, விரைந்தோடும் வீதியிலே வண்டிக்கு அனுமதி மாத்திரம் வழங்கும் நகரம், தன் முதியோருக்கு உரிமை என்ற பெயரில் ஆபத்தையே கையளிக்கின்றது.

விரைவாகச் செல்வோரின் வசதிக்கென்றே வீதிகளை அகலமாக்கி வந்த உலகம் இது. அவ்வீதியின் ஓரத்திலே வயோதிபர் ஒருவர் தம் சிறு வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு மருந்து வாங்கச் செல்கின்றார். அவர் நலமே வீடு திரும்புவாராயின், அந்த ஊரின் வீதி எல்லோருக்கும் உரிய வீதி என்று நாம் துணிந்து கூறலாம்.