வலைச் சேவை விவரணக் கோப்பும் சேவைப்பயனர் செய்நிரலும்

மாணவர்களே, கற்பிட்டியில் இறால் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவரின் கடைக் கணினியில் ஜாவா மொழியில் எழுதிய செய்நிரல் ஒன்று உள்ளதெனக் கொள்க. பேலியகொடை மீன் சந்தையின் விலையைத் தரும் வலைச் சேவை ஒன்று இருப்பதாகவும், அது வேறொரு மொழியில் எழுதப்பட்டதாகவும் கொள்வோம். இவையிரண்டும் எவ்வாறு பேசிக்கொள்ளும்?

இதற்கென்றே சேவையை வழங்குபவர் டபிள்யூ.எஸ்.டி.எல். எனும் விவரணக் கோப்பை வெளியிடுகிறார். இது எக்ஸ்.எம்.எல். மொழியில் அமைந்தது. சேவையின் செயற்பாடுகள் எவை, ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டிய உள்ளீடு யாது, கிடைக்கும் வருவிளைவின் தரவு வகை யாது, சேவையின் இணைய முகவரி எது என்பன அதில் இருக்கும். கணினியே வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஓர் ஒப்பந்தப் பத்திரம் என்று சொல்லலாம்.

இக்கோப்பை அப்பாச்சி அக்சிஸ்2 போன்ற சட்டகத்தின் கருவியிடம் கொடுத்தால், அது ஜாவாவில் பதிலி வகுப்பு ஒன்றை எழுதித் தரும். செய்நிரலர் அவ்வகுப்பின் ‘விலைபெறு’ போன்ற சார்பை அழைத்தாற் போதும். வினாவைச் சோப் செய்தியாக மாற்றி அனுப்புவதும், விடையைப் பிரித்தெடுப்பதும் பதிலியின் வேலை. கையால் எழுதினால் பிழை மலியும் பகுதி இதுவே.

இத்துறையில் நம் நாட்டவரின் பங்கு பெரிது. 2001 மார்ச்சில் வெளியான டபிள்யூ.எஸ்.டி.எல். 1.1 ஆவணத்தின் நான்கு ஆசிரியர்களுள் ஒருவர் இலங்கையரான சஞ்சீவ வீரவரண. 2006 இல் முதற் பதிப்பு வெளிவந்த அக்சிஸ்2 இன் உருவாக்கத்திலும் இலங்கை மென்பொருளாளர் பலர் உழைத்தனர். இன்று புதிய சேவைகள் பல ரெஸ்ட் முறையிலேயே அமைகின்றன. அவற்றுக்கு ஓப்பன் ஏபிஐ விவரணக் கோப்பு இதே பணியைச் செய்கிறது.

ஒன்றைக் கவனிக்க: விவரணக் கோப்பு வடிவத்தைச் சொல்லும், பொருளைச் சொல்லாது. விலை ஒரு தசம எண் என்பது அதிலிருந்து தெரியும். அது ஒரு கிலோவுக்கா, ஒரு பெட்டிக்கா என்பது தெரியாது. அதனை விளக்கக் குறிப்பாக எழுதி வைக்கலாம். ஆனால் கருவி அதைச் சரிபார்க்காது. செய்நிரலர் ஊகித்து எழுதினால் பதிலி பிழையின்றி இயங்கும். வியாபாரியின் பற்றுச்சீட்டோ பிழையாகும்.

மாதிரி வினா: சேவையின் முகவரி மட்டும் மாறியது. பதிலி வகுப்பை மீண்டும் உருவாக்க வேண்டுமா?

விடை: கட்டாயமில்லை. பதிலிக்குப் புதிய முகவரியைக் கொடுத்தாற் போதும். செயற்பாட்டின் பெயரோ தரவு வகையோ மாறினால் மாத்திரம் புதிய கோப்பைக் கொண்டு மீண்டும் உருவாக்க வேண்டும்.