ஏரியின் மினுக்கத்தைக் கணினி எப்படி வரைகிறது

ஏற்காடு ஏரியில் படகிலிருந்து நேர் கீழே பார்த்தால் தண்ணீரின் நிறம் தெரியும். அக்கரைப் பக்கம் பார்த்தால் அதே தண்ணீரில் மரங்களும் வானமும் கிடக்கும். நேர்குத்தாக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தையே தண்ணீர் திருப்பி அனுப்புகிறது; பரப்பை ஒட்டிச் சாய்ந்து வரும் ஒளியை ஏறக்குறைய முழுவதும் திருப்பிவிடுகிறது.

இதைத் திரையில் கொண்டுவர, ரே டிரேசிங் முறை ஒளியின் வழியைப் பின்னோக்கி நடக்கிறது. கண்ணிலிருந்து கதிர் கிளம்பி ஏரியில் படுகிறது. அங்கிருந்து அது எந்தத் திசையில் போக வேண்டும்? 1980இல் டர்னர் விட்டட் காட்டிய முறையில் பதில் எளிது: கண்ணாடியில் பட்டதுபோல ஒரே திசை. காற்றடிக்கும் ஏரிக்கு அது போதாது. குக், டாரன்ஸ் இருவரும் 1982இல் கணினி வரைகலையில் பயன்படுத்திய பார்வையில், பரப்பு என்பது வெவ்வேறு பக்கம் சாய்ந்த எண்ணற்ற குறுங்கண்ணாடிகளின் கூட்டம். எல்லாத் திசைகளிலும் கதிர் அனுப்பிக் கட்டுப்படியாகாது. சிலவற்றைக் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். அதனால் படத்தில் புள்ளி விழும். அந்த உறுத்தலைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர் தேவை.

ஏற்காடு மலையடிவாரத்தில் சேலத்து மாக்னசைட் சுரங்கங்களின் வெண்மை, ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. குலுக்கலில் எந்தத் திசை வந்தாலும், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அங்கே ஏறத்தாழச் சரி. மழையில் நனைந்த காப்பி இலையில் அப்படியில்லை. மினுக்கம் குறுகிய கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அந்தக் கூம்புக்குள் அதிகக் கதிர்களை அனுப்புகிறார்கள். பத்து மடங்கு அடிக்கடி தேர்வாகும் திசை, ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்காகவே கணக்கில் சேரும். இந்த ஈடுசெய்தல்தான் முறையின் உயிர். இது இல்லாவிட்டால் படம் பொய்யாகிவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது எரிக் ஹைட்ஸ் 2018இல் வெளியிட்ட உத்தி. படகிலிருந்து தாழப் பார்க்கையில் பல அலைச்சரிவுகள் நமக்கு முதுகைக் காட்டுகின்றன. பழைய முறை அவற்றையும் தேர்ந்தெடுத்துக் கதிர்களை வீணாக்கியது. ஹைட்ஸ் கண்ணுக்குத் தெரிபவற்றிலிருந்து மட்டும் எடுக்கிறார். 2007இல் ஜிஜிஎக்ஸ் என்ற பெயரில் அறிமுகமாகி, இப்போது பரவலாகப் புழங்கும் சாய்வுக் கணக்கில், பரப்பை இழுத்து நீட்டினால் குறுங்கண்ணாடிகளின் பரவல் ஓர் அரைக்கோளமாக மாறிவிடும். சாய்ந்து பார்க்கும் கண்ணுக்கு அந்த அரைக்கோளம் ஒரு பாதி நசுங்கிய வட்டம். அதில் குலுக்கலாக ஒரு புள்ளியைத் தொட்டு, கோளத்தின்மேல் ஏற்றி, நீட்டலைத் திரும்ப எடுத்தால் குறுங்கண்ணாடியின் சாய்வு கைக்கு வந்துவிடும். சில வரிக் கணக்குதான். எவ்வளவு அழகான வடிவியல்!

சூரியன் மட்டும் இதற்கும் அடங்காது. வானத்தில் அதன் அகலம் அரை டிகிரி. அலையிலிருந்து கிளம்பும் கதிர் பெரும்பாலும் அதைத் தவறவிடும். அதனால் சில கதிர்களை நேராகச் சூரியனை நோக்கியே அனுப்பி, இரு வகைக் கதிர்களுக்கும் தக்க எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். அந்த எடைகளை 1995இல் வகுத்துத் தந்தவர்கள் எரிக் வீச், லியோனிடாஸ் கிபாஸ்.