நகரத்துக்குள் காடு – 7: படத்தில் தெரியாத காயம்

பாரீஸ் நகரின் ராஸ்பாய் வீதியில் பேருந்துகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் ஓய்வே கிடையாது. அந்த வீதியோரம் கட்டடக் கலைஞர் ழான் நுவெல் எழுப்பிய கண்ணாடி மாளிகையில் கார்த்தியே அறக்கட்டளையின் கலைக்கூடம் 1994 முதல் பல ஆண்டுகள் இயங்கியது. 2016 ஜூலையில் அதன் நிலவறைக்குள் இறங்கியவர்களுக்கு முதலில் கிடைத்தது இருட்டுதான். அந்த இருட்டில் கனடாவின் அல்கோன்குவின் வனத்திலிருந்து ஓநாய்கள் ஊளையிட்டன.

‘மாபெரும் விலங்கு இசைக்குழு’ என்ற அந்தக் கண்காட்சிக்கு ஒலி தந்தவர் பெர்னி கிராஸ். 1938இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அமெரிக்க ஸ்டூடியோக்களில் சிந்தசைசர் வாசித்துப் பெயர் பெற்றவர். 1968இல், ஓர் இசைத்தட்டுக்கு இயற்கை ஒலிகள் தேவைப்பட, சான் ஃபிரான்சிஸ்கோவை அடுத்த மியூர் வுட்ஸ் காட்டுக்கு ரெக்கார்டரோடு போனார். அன்று தொடங்கிய வேலை 5,000 மணி நேரப் பதிவுகளாக, சுமார் 15,000 உயிரினங்களின் குரல்களாக வளர்ந்தது.

அந்த அறையில் காதுக்கு எவ்வளவு வேலையோ, அவ்வளவு வேலை கண்ணுக்கும் இருந்தது. லண்டனைச் சேர்ந்த யுனைடெட் விஷுவல் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழுவினர், ஒலிக்கும் ஒவ்வொரு குரலையும் ஒளிக்கோடாக மாற்றிச் சுவர்களில் ஓடவிட்டார்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி. அடியில் யானை போன்ற பெரிய விலங்குகளின் கனத்த குரல், நடுவில் பறவைகள், உச்சியில் பூச்சிகளின் ரீங்காரம். செழிப்பான காட்டில் ஒன்றின் குரல்மேல் இன்னொன்று ஏறி மிதிப்பதில்லை. ஒவ்வோர் உயிரும் தனக்கென்று ஒரு சந்து பிடித்துக்கொண்டு கூவுகிறது என்பது கிராஸின் வாதம். கேட்டால் வெறும் இரைச்சல் என்று தோன்றுவதில் இத்தனை ஒழுங்கு இருப்பது சுவரைப் பார்க்கும்போதுதான் பிடிபடுகிறது.

அந்த ஒழுங்கு கலைந்தால் உயிரே போகும். கலிஃபோர்னியாவின் மோனோ ஏரிக்கரையில் ஒருவகைத் தேரைகள் கூட்டமாக ஒரே தாளத்தில் கத்தும். எந்தத் தேரை எங்கே இருக்கிறது என்று வேட்டை விலங்குக்குப் புரியாது. அதுவே அவற்றின் கவசம். கிராஸ் பதிவு செய்துகொண்டிருந்த ஓர் இரவு, பயிற்சிப் போர் விமானம் ஒன்று தாழப் பறந்துபோனது. தாளம் சிதறிவிட்டது. அது மறுபடி கூடி வர 45 நிமிடம் ஆயிற்று. அதற்குள் இரண்டு கயோட்டி ஓநாய்களும் ஒரு பெரிய ஆந்தையும் வந்து தேரைகளைப் பொறுக்கிப் போனதை அவர் நிலா வெளிச்சத்தில் பார்த்தார்.

இதைவிட மனத்தை உறுத்துவது சியரா நெவாடா மலையின் லிங்கன் புல்வெளிக் கதை. இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் மரம் வெட்டுவோம், காட்டுக்கு ஒரு பாதிப்பும் வராது என்று மர நிறுவனம் ஊராரை நம்பவைத்திருந்தது. வெட்டுக்கு முன், 1988இல், கிராஸ் அங்கே ஒரு விடியலைப் பதிவு செய்தார். பறவைகளின் குரல்கள் நிறைந்து வழிந்தன. அடுத்த ஆண்டு அதே பருவத்தில், அதே இடத்தில், மறுபடி மைக்கை வைத்தார். கேட்டதெல்லாம் ஓடையின் சலசலப்பும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும்தான். அந்த இடத்தைப் புகைப்படம் எடுத்துப் பார்த்தால் எதுவுமே மாறியதாகத் தெரியாது! பச்சை தெரிந்தால் காடு நலமாக இருக்கிறது என்று நம்பிவிடும் நகரவாசிகளாகிய நாம், அந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

அதற்காகக் கேமராவைக் குறை சொல்லிவிடவும் முடியாது. அதே கண்காட்சியில் ஜப்பானியப் புகைப்படக்காரர் மனாபு மியாசாகியின் படங்களும் இருந்தன. நாகானோ மலைப்பாதைகளில் தானியங்கிக் கேமராக்களை மறைத்துவைத்து எடுத்தவை. பகலில் மனிதர் நடந்துபோகும் தடத்திலேயே இரவில் கரடி நடக்கிறது. ஆளில்லாத நேரத்தில் எடுத்த படம், அக்கம்பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தன் பதிவுகளில் பாதி, இன்று அடியோடு மாறிப்போன அல்லது ஒலியே அடங்கிவிட்ட இடங்களில் எடுத்தவை என்று கிராஸ் சொல்லியிருக்கிறார். 2017 அக்டோபரில் கலிஃபோர்னியக் காட்டுத்தீ அவருடைய வீட்டையும் எரித்துவிட்டது. பதிவுகளின் நகல்கள் வேறிடத்தில் இருந்ததால் அந்தக் குரல்கள் தப்பின. ‘மாபெரும் விலங்கு இசைக்குழு’ அதன்பின் 2019இல் லண்டனுக்கும், 2023இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அருங்காட்சியகத்துக்கும் போனது.

(தொடரும்)